மாலவாசி நடுக்கம்

ஈரிதே மாலவாசி எந்த ஊர் மேடையில் செத்தாலும் என் மடியில்தான் செத்தாள். அவள் ராணி என்றால் நான் தாதி. அவள் சலவைக்காரி என்றால் நான் பக்கத்து வீட்டுச் சலவைக்காரி. அவள் மடத்தில் சேர்ந்து உருகிச் செத்தால், நான் கதவு திறந்துவிடும் கன்னியாஸ்திரீ. கதை எதுவானாலும் கடைசிக் காட்சியில் அவள் தலை என் தொடைமேல் வந்து விழும். இயல்பிலேயே கனமான தலை. அதற்குமேல் பொய்முடி, அதற்குமேல் கிரீடம். எல்லாம் முடிந்து கும்பிடு போட எழுந்தால் எனக்குக் கால் மரத்திருக்கும். நொண்டி நொண்டி முன்னால் வருவேன். ஜனங்கள் "பாவம், அந்தத் தாதி எப்படி இடிந்துபோய்விட்டாள் பாருங்கள்" என்று கைதட்டுவார்கள். என் கலை வாழ்க்கையில் எனக்கென்று கிடைத்த கைதட்டலில் பெரும்பகுதி இந்தக் காலுக்குக் கிடைத்ததுதான்.

என் பெயர் ஆர்ஜியா. ஓபரா சுவரொட்டிகளில் அச்சகத்தின் பெயருக்கு ஒரு வரி மேலே பார்த்தால் நான் இருப்பேன்.

ஈரிதேயும் நானும் ஒரே ஊர்க்காரிகள். ரோக்காபியானா. போ நதிக்கரைச் சமவெளியில் பனிமூட்டமும் பன்றிகளும் நிறைந்த ஊர். அவள் அப்பா நெல்லோ அங்கே பன்றிக்கறிக் கடை வைத்திருந்தார். நாங்கள் இருவரும் ஒரே ஆசிரியையிடம் போய்ச் சேர்ந்தோம். சின்யோரா சாயிரா ஒல்லி. எப்போதும் கறுப்பு உடை. மிளகுக்கொடிக்கு நட்ட கம்பு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். முதல் நாள் ஈரிதே வாயைத் திறந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்பா என்ன பண்றாரு?"

"பன்னிக்கறிக் கடை, சின்யோரா."

"கடையில கூவி விக்கிறது யாரு?"

"நான்தான்."

"தெரியுது. இந்தக் குரலை வச்சு ஓடுற ரயில நிறுத்தலாம். பாடணும்னா மொதல்ல கூவுறத மறக்கணும். அதுக்கே ரெண்டு வருஷம் ஆகும்."

சொன்னபடியே ஆயிற்று. முதல் வருஷம் முழுக்க 'ஆ' மட்டும்தான். தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் தடித்த அகராதியை வைத்து, அது மெல்ல ஏறி அதைவிட மெல்ல இறங்க வேண்டும். மெழுகுவத்தியை முகத்துக்கு முன்னால் ஏற்றிவைத்து, சுடர் அசையாமல் பாட வேண்டும். நெல்லோ ஒருநாள் கையில் ஒரு தொடைக்கறியோடு சின்யோராவைப் பார்க்க வந்தார்.

"மன்னிக்கணும் சின்யோரா. ஒரு வருஷமா எம்மக 'ஆ'ன்னே கத்துறா. தெருவுல எல்லாரும் பல்லு வலியான்னு கேக்குறாங்க. அடுத்த எழுத்து எப்ப வரும்?"

"இந்த எழுத்து இன்னும் வரலியே" என்றார் சின்யோரா. தொடைக்கறியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

என் குரலும் நல்ல குரல்தான். அடக்கமான குரல். மூன்றாவது வரிசைக்கு மேல் யாரையும் தொந்தரவு செய்யாது. ஈரிதேயின் குரலோ மேலே போகப்போக மெலியாமல் விரிந்துகொண்டே போகும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் ஆசைப்பட்டது வேறொன்றுக்கு. உச்சத்தில் நின்று, குரலை இழையாகக் குறைத்து, அந்த இழை அறாமல் கடைசி வரிசைக் கிழவர் காது வரை போய்ச் சேர வேண்டும். எங்கள் தொழிலில் சத்தமாகப் பாடுவது சுலபம், மெல்லப் பாடுவதுதான் முதுகை ஒடிக்கும். அந்த ஒரு மெல்லிய சுரத்துக்காக அவள் மூன்று வருஷம் அகராதியைச் சுமந்தாள். நாங்கள் அதற்கு 'நூல் சுரம்' என்று பெயர் வைத்திருந்தோம்.

அவள் முதல்முதலாக மேடையேறியது சொந்த ஊர் அரங்கில்தான். சிறையில் விஷம் குடித்துச் சாகும் ராணி வேஷம். கடைசிப் பாட்டின் கடைசிச் சுரம் நூல் சுரமாக அமைந்த பாத்திரம். அவளுக்கென்றே எழுதியதுபோல இருந்தது.

எங்கள் ஊர் கேலரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கீழே மெத்தை நாற்காலிகளில் இருப்பவர்கள் டாக்டர்களும் வக்கீல்களும். அவர்கள் எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் மேலே பார்ப்பார்கள். மேலே கூரையை ஒட்டிய மரப்பலகைகளில் இருப்பவர்கள்தான் நீதிபதிகள். பாலாடைக்கட்டி விற்பவர்கள், ரயில்வேக்காரர்கள், சவரக்காரர்கள். பிடித்தால் குரல் கட்டும்வரை கத்துவார்கள். பிடிக்காவிட்டால் விசில். அந்த விசிலைக் கேட்டு இரண்டு பாடகர்கள் தொழிலை விட்டுவிட்டு உறவுக்காரர்களின் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் பிரீமோ கிதோனி. சவப்பெட்டி செய்கிறவர். சாவு சம்பந்தப்பட்ட எதிலும் அவர் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு. ஓபராவிலோ சாவைத் தவிர வேறென்ன இருக்கிறது?

நெல்லோ முந்தின நாளே கேலரிக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சலாமித் தொத்திறைச்சி கொடுத்தனுப்பினார். பிரீமோ கடைக்கே நேரில் வந்தார்.

"சலாமி நல்லா இருந்துச்சு, நெல்லோ. மிளகு தூக்கல்."

"அப்ப நாளைக்கு எம்மகளுக்கு..."

"சாப்புட்டது வயிறு. கேக்கப்போறது காது. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

அன்றைக்கு ஈரிதே நன்றாகப் பாடினாள். முதல் அங்கம் முடிந்தபோது விசில் இல்லை. இரண்டாம் அங்கத்தில் யாரோ ஒருவன் இருமினான், பிரீமோ அவனை அடக்கினார். அதுவே பெரிய மரியாதை.

கடைசிக் காட்சி. ராணியின் காதலனாக வந்தவர் ஒலிந்தோ. அகலமான டெனர், அதாவது மேல்குரல் ஆண் பாடகர். உயரம் போதாததால் அரைச்சாண் குதிகால் வைத்த பூட்ஸ், தளபதி என்பதால் பெரிய ஒட்டுமீசை. வியர்வையில் பசை இளகியிருக்கிறது, அது அவருக்குத் தெரியாது. ஈரிதே நூல் சுரத்தைத் தொட்டாள். எத்தனையோ முறை கேட்ட எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஒலிந்தோ குனிந்து கடைசி முத்தம் கொடுத்து நிமிர்ந்தார். இனிமேல் பாட்டு கிடையாது. வாத்தியங்கள் மட்டும் நீளமாக வாசிக்க, ராணியின் உயிர் மெல்லப் பிரிய வேண்டும்.

என் மடியைக் குனிந்து பார்த்தேன். ராணிக்கு மீசை முளைத்திருந்தது.

ஒலிந்தோவும் பார்த்துவிட்டார். துக்கம் தாளாதவர்போல மறுபடி அவள்மேல் கவிழ்ந்து, காதோரம் சொன்னார்: "ராணியம்மா, மீசை உனக்கு எடுப்பாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு எனக்கு வேணுமே."

அவ்வளவுதான். வருஷக்கணக்கில் அகராதி சுமந்து பழகிய வயிறு அது. அதிலிருந்து கிளம்புகிற சிரிப்பு சாதாரணச் சிரிப்பாக இருக்குமா? வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். சத்தம் வெளியே வரவில்லை. ஆனால் தோள் குலுங்கியது, மார்பு குலுங்கியது, கிரீடத்தில் தொங்கிய கண்ணாடி மணிகள் கலகலவென்றன. நான் சால்வையை அவள் முகத்தில் போட்டு, அழுவதுபோலக் குனிந்து மீசையைப் பிய்த்து எடுத்து ரவிக்கைக்குள் செருகினேன். என் உதட்டை நானே கடித்ததில் கண்ணீர் கொட்டியது. திரை இறங்கியது.

அப்புறம் கூரை இடிந்ததுபோல ஆரவாரம். கேலரியிலிருந்து தொப்பிகள் பறந்து வந்தன. பிரீமோ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாராம்.

"நாப்பது வருஷமாப் பொட்டி செய்யறேன். விஷம் குடிச்சவங்க இப்படித்தான் போவாங்க. நான் சத்தியம் பண்றேன்!"

மறுநாள் பத்திரிகைகளில் அதே பேச்சு. "உடலை விட மனமின்றி உயிர் துடித்த அந்தக் கணம்" என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் அதற்கு 'மாலவாசி நடுக்கம்' என்று பெயரே வைத்துவிட்டார். ஈரிதே என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"நூல் சுரம் பத்தி என்ன எழுதிருக்கான்?"

"ஒண்ணும் இல்லயே."

"கீழ பாரு. வலது பக்கம்."

"வலது பக்கம் விளம்பரம்டி. மலச்சிக்கலுக்கு மருந்து."

அவள் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் யாரிடம் சொல்வது? நெல்லோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கறி வெட்டும் கத்தியைக் கையில் பிடித்தபடியே மகள் செத்த விதத்தை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வெளியூர் அரங்குகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். முதலில் நேப்பிள்ஸ். அங்கே வேறு டெனர். ஈரிதே ஒழுங்காக, அசையாமல், அழகாகச் செத்தாள். அரங்க முதலாளி ஒப்பனை அறைக்கு வந்து, கறி கேட்டுக் காய்கறி கிடைத்தவர்போல நின்றார்.

"பாட்டெல்லாம் சரி, சின்யோரா. அந்த நடுக்கம் எங்க?"

"அது... எப்பவாவது வரும்."

"எது இருந்தா வரும்னு சொல்லுங்க. ஏற்பாடு பண்றேன்."

ஏற்பாடு செய்தார். ஒலிந்தோ வந்து சேர்ந்தார். அன்றைக்குக் கடைசி முத்தத்தின்போது, அரங்க முதலாளியின் மனைவி முன்வரிசையில் வாயைத் திறந்து தூங்குவதை விவரித்தார். நடுக்கம் வந்தது. அதோடு எங்கள் மூவருக்கும் சேர்த்தே ஒப்பந்தம் என்று ஆகிவிட்டது: சாகிறவள், சிரிக்கவைக்கிறவர், மூடிமறைக்கிறவள். லிஸ்பன் போனோம், வியன்னா போனோம், கப்பலேறி புவனோஸ் ஐரிஸ் போனோம். ஒலிந்தோவுக்குப் பாட்டைவிடச் சாப்பாட்டில்தான் ஞானம் அதிகம். விஷம் குடித்துக் கிடப்பவளின் காதில், "மூலைக் கடையில ஈரல் வறுக்கிறான், சீக்கிரம் செத்துத் தொலை, கடை மூடிருவான்" என்பார். அவள் ஒவ்வொரு தடவையும் திரை ஏறுமுன் அவர் சட்டையைப் பிடித்துக் கெஞ்சுவாள்.

"ஒலிந்தோ, இன்னிக்கு ஒருநாள் வேணாம். இன்னிக்கு என்னை நிம்மதியா சாக விடு."

"கண்ணு, ஜனங்க எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க."

வியன்னாவில் ஒரு மருத்துவப் பேராசிரியர், நடுக்கத்தை வைத்துப் பார்த்தால் ராணி குடித்தது எந்த விஷம் என்று ஒரு மணிநேரம் உரையாற்றினார். சங்கீதப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் கண்ணாடி முன்னால் நின்று தோளைக் குலுக்கிப் பழகினார்கள். ஈரிதே பெரிய நட்சத்திரமாகிவிட்டாள். மூடிய காரில் போனாள், கழுத்தில் நரித்தோல் போட்டாள். ஆனால் ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருக்கும்போது சொல்வாள்:

"ஆர்ஜியா, நூல் சுரம் நேத்து எப்படி இருந்துச்சு?"

"பட்டு மாதிரி இருந்துச்சு."

"கேட்டது நீ ஒருத்திதான். மத்தவனெல்லாம் அது எப்ப முடியும், இவ எப்ப குலுங்குவான்னு தொலைநோக்கியைத் துடைச்சிட்டு இருந்தான்."

நான் அவள் தலையைத் தடவிக்கொடுப்பேன். அதுதான் எனக்குப் பழக்கமான வேலை.

மறுபடி லிஸ்பன் போனபோது சண்டை வந்தது. காலைச் சிற்றுண்டி மேஜையில் ஒலிந்தோ முட்டையை உடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: இனிமேல் சுவரொட்டியில் தன் பெயரும் ஈரிதேயின் பெயர் அளவுக்கே பெரிதாக இருக்க வேண்டும்.

"எதுக்கு?" என்றாள் ஈரிதே.

"நடுக்கம் யாரால வருது?"

"பாடறது யாரு?"

"பாட ஆயிரம் பேர் இருக்காங்க கண்ணு. குலுங்க நீ ஒருத்திதான். குலுக்க நான் ஒருத்தன்தான். வேணாம்னா சொல்லு, பத்திரிகைக்காரங்ககிட்ட மீசைக் கதையைச் சொல்றேன்."

அவள் வெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். ரொட்டியில் தடவப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவர் தலையில் கவிழ்த்தாள். அப்படியே எழுந்து போய்ப் பெட்டியைக் கட்டினாள். ஒலிந்தோ மிச்சமிருந்த முட்டையைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் தலையைத் துடைத்தார். அது அவர் குணம்.

அந்தச் சமயத்தில் ரோக்காபியானா அரங்குக்குக் கூரை மாற்றி, புதுச் சாயம் பூசி, திறப்பு விழாவுக்கு ஈரிதேயை அழைத்திருந்தார்கள். அதே ராணி. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி.

"நல்லதாப் போச்சு" என்றாள் ஈரிதே. "ஒலிந்தோ இல்ல. குலுங்கல் இல்ல. எங்க ஊர்க்காரன் ஒருதடவையாவது என் பாட்டைக் கேட்டுட்டுப் போகட்டும்."

புது டெனர் பல்கேரியாவிலிருந்து வந்தான். பெயர் ஸ்த்ராஷிமிர். எங்கள் ஊரில் யாருக்கும் வாயில் நுழையாததால் 'பல்கேரியன்' என்றே அழைத்தார்கள். பனைமரம்போல உயரம், குழந்தை மனசு, சிரிப்பு என்பதே அறியாத முகம். மேடைக்கு வருமுன் முழங்காலிட்டு ஜெபம் செய்வான். இத்தாலிய மொழியில் பாட்டு வரிகள் மட்டும்தான் தெரியும். சாப்பாட்டுக் கடையில் "ஓ கொடிய விதியே" என்று சொல்லித்தான் சூப் வாங்குவான்.

"இவன்தான் எனக்கு வேணும்" என்றாள் ஈரிதே. "இவனைப் பாத்தா பன்னிக்குக்கூடச் சிரிப்பு வராது."

அன்று அரங்கம் வழிந்தது. மோதேனாவிலிருந்து மூன்று பேருந்துகளில் ஆட்கள். நெல்லோ முன்வரிசையில், ஊதா நிற டை கட்டிக்கொண்டு. அரங்கத்தில் ஊதா ஆகாது என்று வாசலிலேயே அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள், கழுத்துப்பட்டை திறந்தபடி உட்கார்ந்திருந்தார். "ஓநாய் வாய்க்குள்ள போ" என்று எங்கள் வழக்கப்படி நான் அவளை வாழ்த்தினேன். "ஓநாய் செத்து ஒழியட்டும்" என்று அவளும் முறைப்படி பதில் சொன்னாள்.

அவள் அன்றைக்குப் பாடியதுபோல நான் கேட்டதில்லை. கடைசிப் பாட்டில் மொத்த அரங்கமும் முன்னால் சாய்ந்தது. நூல் சுரம் எழுந்தது. நீண்டது. அது தானாகவே மறைவதுபோல மறைந்தது. பல்கேரியன் முத்தமிட்டு, இலக்கணப்படி எழுந்து நின்றான். மீசை அவன் சொந்த மீசை. வாத்தியங்கள் நீட்டி வாசிக்க ஆரம்பித்தன. ஈரிதே என் மடியில் அமைதியாகக் கண்ணை மூடினாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

காத்திருந்தார்கள். குலுங்கல் வரவில்லை.

மேலேயிருந்து ஒரு குரல் மெதுவாக, "என்னாச்சு?" என்றது.

"இன்னும் சாகலயோ?"

"செத்துட்டா. குலுங்காமயே செத்துட்டா!"

"ஈரிதே, குலுங்கு!"

"மோதேனால இருந்து வந்திருக்கோம்மா, குலுங்கு!"

முதல் விசில் பறந்தது. பின்னாலேயே பத்து. ஈரிதேயின் தாடை இறுகியது, ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. பல்கேரியன் பயந்துபோனான். கூட்டம் எதையோ கேட்கிறது, என்னவென்று புரியவில்லை. முதுகைக் கூட்டத்துக்குக் காட்டிக் குனிந்து, கையை ஆட்டி என்னிடம் ஜாடையில் கேட்டான். நானும் வெறும் பதிலாக, இரண்டு கையாலும் குலுக்குவதுபோல ஜாடை காட்டினேன். 'இதைத்தான் கேட்கிறார்கள்' என்ற அர்த்தத்தில்தான் காட்டினேன்.

அவனுக்கு முகம் மலர்ந்தது. நல்ல மனசுக்காரன், கேட்டதை இல்லையென்று சொல்லத் தெரியாதவன். செத்துக் கிடந்த ராணியின் தோள்களை இரண்டு கையாலும் பற்றித் தூக்கி, நாவல் மரத்தை உலுக்குவதுபோல உலுக்கினான். கிரீடம் கழன்று உருண்டு வாத்தியக்காரர்கள் மத்தியில் விழுந்தது. உலுக்கும்போதே தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் அன்பாகக் கேட்டான்:

"ஓ கொடிய விதியே, போதுமா?"

ஈரிதே கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நான் சால்வையை எடுப்பதற்குள் அது வெளியே வந்துவிட்டது. இத்தனை வருஷமும் வாய்க்குள் பூட்டிய சிரிப்பு, பூட்டு இல்லாமல், அகராதி சுமந்த வயிற்றிலிருந்து, ஓடுற ரயிலை நிறுத்தும் குரலில். வயலின்களைத் தாண்டி, புதுக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. வாத்திய நடத்துநர் கோலைக் கீழே போட்டுவிட்டார். விசில் அடித்தவர்கள் விரலை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார்கள்.

முன்வரிசையில் நெல்லோ எழுந்தார். "எம்மக சிரிக்கிறா" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பிரீமோ மேலேயிருந்து கேட்டார். "ஈரிதே! இது அதுதானே? அந்தக் குலுங்கல்... இத்தனை வருஷமா..."

அவள் என் மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். பொய்முடி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா, பிரீமோ மாமா. சிரிச்சேன். முதல் நாளே சிரிச்சேன். டெனரோட மீசை என் மூஞ்சில ஒட்டிக்கிச்சு. நீங்கதான் அதைச் சாவுன்னு சத்தியம் பண்ணீங்க!"

கேலரியில் நாற்காலி எல்லாம் இல்லை, பலகைதான். அந்தப் பலகைகளை உதைத்து அவர்கள் போட்ட சத்தம் இருக்கிறதே! பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாதிப் பேர் மோசடி என்று கத்தினார்கள். மோதேனாக்காரர்கள் பேருந்து எங்கே என்று கேட்டார்கள். பிரீமோவைச் சுற்றியிருந்தவர்கள் அவர் முகத்துக்கு நேராகவே, "விஷம் குடிச்சவங்க இப்படித்தான் போவாங்களோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பாவம், காது மடலெல்லாம் சிவந்து போயிற்று. ஆனால் தலைவர் தலைவர்தான். கையை உயர்த்தினார்.

"சரி. நான் ஏமாந்தேன். ஊரே ஏமாந்துச்சு. ஆனா டிக்கெட் வாங்கினது சாவுக்கு. நாங்க ஒரு சாவை ஒழுங்காப் பாக்காம வீட்டுக்குப் போக முடியாது. திரும்பச் செத்துக் காட்டு!"

"ஆமா! திரும்பச் சாவு!"

"குலுங்கணுமா?" என்று ஈரிதே கேட்டாள். இடுப்பில் கையை வைத்திருந்தாள், ராணிபோல அல்ல, கறிக்கடையில் நிற்பதுபோல.

"உன் இஷ்டம்" என்றார் பிரீமோ.

நடத்துநர் கோலைத் தேடி எடுத்தார். யாரோ கிரீடத்தை மேலே எறிந்தார்கள். கடைசிப் பாட்டு மறுபடி. இந்தத் தடவை எதற்கும் யாரும் காத்திருக்கவில்லை. காத்திருக்க எதுவும் இல்லாததால் கேட்டார்கள். நூல் சுரம் போய் முடிந்த பிறகு யாரும் மூச்சுகூட விடவில்லை. முதலில் மூக்கைச் சிந்தியது பிரீமோ. என் கால் மரத்தது எனக்குத் தெரியவே இல்லை.

இத்தோடு எல்லாம் நன்றாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். மறுநாள் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. பெரிய நகரத்து அரங்குகள் ஒவ்வொன்றாக ஒப்பந்தத்தை ரத்துசெய்தன. வியன்னாப் பேராசிரியர் உடம்பு சரியில்லை என்று ஊரைவிட்டே போய்விட்டார். ஒலிந்தோ கடைக்கே வந்து கத்தினார்: "என் ரகசியத்தை நீயே சொல்லிட்டா நான் எதை வச்சு உன்னை மிரட்டுறது? நன்றி கெட்டவளே!" நெல்லோ அவருக்குக் கால் கிலோ தொத்திறைச்சி கட்டிக்கொடுத்து அனுப்பினார்.

நெல்லோதான் ரொம்ப உடைந்துபோனார். "நான் கடையில எத்தனை பேருக்கு அழுதுக்கிட்டே நடிச்சுக் காட்டினேன், ஈரிதே. அப்பவெல்லாம் நீ சிரிச்சுக்கிட்டு இருந்தியா?"

"அப்பா, நீங்க நடிச்சது என்னைவிட நல்லா இருந்துச்சு."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அதை ஏற்றுக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் கடையில்தான் நின்றாள். நானும் தினமும் போய் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். ஜனங்கள் கறி வாங்குகிற சாக்கில் வருவார்கள். "கால் கிலோ மோர்தாதெல்லா குடுங்க, அப்படியே ஒருதடவை சிரிங்க, சின்யோரா." அவள் கறியை மட்டும் கொடுப்பாள். அப்படி ஒருநாள் வந்தவர்தான் மாயெஸ்த்ரோ காந்துத்தி. நகைச்சுவை ஓபராக்களை மட்டுமே நடத்துகிற கிழவர். கஞ்சக் கிழவனை ஏமாற்றிக் கல்யாணம் செய்துகொள்ளும் விதவை வேஷத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"சிரிக்கத் தெரிஞ்ச சொப்ரானோ பாடகி எனக்கு ஊர்ல ஒருத்திகூட இல்ல" என்றார்.

"எனக்கும் தெரியாது, மாயெஸ்த்ரோ. எனக்குச் சிரிப்பு வரும், அவ்வளவுதான். வர்றது வேற, தெரியறது வேற."

அவள் சொன்னது பொய்யில்லை. ஒத்திகையில் 'இங்கே சிரிக்க வேண்டும்' என்று வந்த இடத்தில் அவள் சிரித்தது, வாத்தைக் கழுத்தில் மிதித்ததுபோல இருந்தது. கிழவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஈரிதே வீட்டுக்கு வந்து அகராதியைத் தேடி எடுத்தாள். தரையில் படுத்தாள். ஏறும் சுரத்தில் ஒரு சிரிப்பு, இறங்கும் சுரத்தில் ஒரு சிரிப்பு, மெழுகுவத்திச் சுடர் அசையாமல் ஒரு சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் பாதிரியாரை அனுப்பினார்கள். வசந்தம் வருவதற்குள் அவளால் எந்தச் சுரத்திலும், எந்த நேரத்திலும், கொஞ்சம்கூடச் சிரிப்பு வராமலே சிரிக்க முடிந்தது. ஜனங்கள் விழுந்து புரண்டார்கள். பத்து வருஷம் அந்த விதவையாகவும், அவளுடைய தங்கைகள் மாதிரியான வேஷங்களிலும் பாடினாள்.

எனக்கும் அதில் ஒரு வேஷம் கிடைத்தது. பொறாமைக்கார வீட்டுவேலைக்காரி. தனியாக நின்று பாடும் பாட்டு ஒன்று இருந்தது, என் வாழ்க்கையில் முதல் தனிப்பாட்டு. ரோக்காபியானாவில் பாடியபோது மேல்சுரத்தில் குரல் பிசிறியது. கேலரியிலிருந்து விசில். மேடைக்குப் பின்னால் வந்து அழுவேன் என்று எல்லாரும் கைக்குட்டையோடு நின்றார்கள். நான் ஈரிதேயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன்.

"விசிலடிச்சாங்கடி! எனக்கு! என் பேரைச் சொல்லி!"

"உன் பேரைச் சொல்லித் திட்டினாங்க, கழுதை."

"திட்டறதுக்காவது தெரிஞ்சிருக்குல்ல!"

அதற்கப்புறம்தான் அவள் கச்சேரிக்கு வந்தாள். ஒரு பியானோ, ஒரு குரல். ராணி இல்லை, விஷம் இல்லை, யாரும் சாகவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. முதல் கச்சேரி பியாச்சென்சாவில், தவக்காலத்தில். அதற்கென்றே பச்சையில் ஒரு புது கவுன் தைத்திருந்தாள். மழை. நூறு பேர்கூட இல்லை. எனக்கு மேடையில் வேலை இல்லாததால் வாழ்க்கையில் முதல்தடவையாக எதிரே நாற்காலியில் உட்கார்ந்து அவளைக் கேட்டேன். பாடுகிற அவள் முகத்தை முன்பக்கமிருந்து பார்ப்பதே எனக்குப் புதிதாக இருந்தது. பாடும்போது அவளுக்கு இடது புருவம் மட்டும் உயர்கிறது. இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் ரயில் நிலையத்துக் காப்பிக் கடையில் அவள் பத்திரிகையைப் பிரித்தாள். இரண்டு பத்தி வந்திருந்தது. மூச்சைப் பற்றி, சுரத்தைப் பற்றி, சொல்லைப் பற்றி. ஒரு வார்த்தைகூட வீண் இல்லை. மூன்று தடவை படித்தாள்.

"எல்லாம் சரி" என்றாள் கடைசியில். "அந்தப் பச்சை கவுனைப் பத்தி ஒரு வரி எழுதினா என்ன குறைஞ்சா போயிடும் அவனுக்கு?"

"ரயில் வருது, எழுந்திரு" என்றேன் நான். பெட்டி இரண்டையும் நான் தூக்கிக்கொண்டேன். அவள் தொண்டையில் மழைக்காற்று படாமல் துணியைச் சுற்றிக்கொண்டு, மிச்ச ரொட்டியைத் தின்றபடியே பின்னால் வந்தாள்.